சென்னையும் வெள்ளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் நலச்சங்க வாட்ஸ்ஆப் குழுவில் அதே கேள்விகள் வரிசைகட்டி வரும். ஒவ்வொரு வருஷமும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பொறியாளன் இல்லை. தென்சென்னையில் பள்ளமான ஒரு பகுதியில் குடியிருப்பவன், அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

சென்னையில் ஏன் இவ்வளவு சீக்கிரம் தண்ணீர் நிற்கிறது?

ஊர் தட்டை. கடல்மட்டத்திலிருந்து சராசரி உயரமே ஆறேழு மீட்டர்தான். வடக்கே கொசஸ்தலை, நடுவில் கூவம், தெற்கே அடையாறு, அதற்கும் தெற்கே முட்டுக்காட்டில் கடலில் கலக்கும் கோவளம் வடிநிலம், இத்தனைக்கும் குறுக்கே வடக்கு தெற்காக பக்கிங்காம் கால்வாய். சரிவே இல்லாத தரையில் தண்ணீருக்கு எந்த அவசரமும் கிடையாது, மெதுவாகத்தான் நகரும். வருஷத்துக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது, அதுவும் எண்ணிச் சொல்லக்கூடிய சில நாட்களில். இதெல்லாம் இயற்கை கொடுத்தது. இதற்குமேல் நாம் செய்து வைத்திருப்பதைக் கீழே சொல்கிறேன்.

40 செ.மீ. மழை என்று செய்தியில் சொல்கிறார்கள். அது எவ்வளவு தண்ணீர்?

இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் மற்ற பல கேள்விகளுக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். கோடையில் 12,000 லிட்டர் டேங்கர் லாரிக்குப் பணம் கட்டிவிட்டு வாசலில் காத்திருப்போமே, அப்படிக் கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணீர் உங்கள் மனையில் சும்மா வந்து விழுகிறது.

இப்போது மாநகராட்சி முழுவதுக்கும் போடுங்கள். பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 40 செ.மீ. பெய்தால் சுமார் 17,000 கோடி லிட்டர், அதாவது 6 டிஎம்சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஆகிய ஐந்து ஏரிகளும் விளிம்பு வரை நிரம்பினால்கூட 11.75 டிஎம்சிதான். நகருக்கு வருஷம் முழுக்க குடிநீர் தருகிற ஏரிகளின் கொள்ளளவில் பாதி, இரண்டே நாளில் நம் தலையில் விழுகிறது. மேற்கே தாம்பரம், பூந்தமல்லி பக்கமிருந்து ஓடிவரும் வெள்ளத்தை இதில் சேர்க்கவே இல்லை.

இவ்வளவு தண்ணீரை எந்தக் குழாயாலும் கால்வாயாலும் ஒரே நாளில் கடலுக்குத் தள்ள முடியாது. அது எங்கேயாவது சில நாள் நின்றுதான் ஆக வேண்டும். எங்கே நிற்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்கிறோமா, அல்லது அதுவாக நம் கூடத்தைத் தேர்ந்தெடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

2015 வெள்ளத்துக்கு செம்பரம்பாக்கத்தை நள்ளிரவில் திறந்துவிட்டதுதானே காரணம்?

ஒரு காரணம். அது மட்டுமே என்று சொன்னால் பாதி உண்மை.

நடந்தது இது. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது, மண் ஏற்கனவே ஊறிப்போய், ஏரிகள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியது. அன்று காலை ஆயிரம் கனஅடிக்கும் கீழே இருந்த நீர்திறப்பை 29,000 கனஅடி வரை கொண்டுபோனார்கள். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயர் அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே எழுதியது. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அடையாற்றில் ஓடியது செம்பரம்பாக்கம் தண்ணீர் மட்டும் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஏரிகள் அத்தனையும் கலங்கல் (நிரம்பிய ஏரியின் உபரிநீர் வழியும் தடுப்பு) தாண்டி வழிந்தும், சில இடங்களில் கரை உடைந்தும் அதே ஆற்றுக்குத்தான் வந்தன. அந்த ஏரிகளில் பலவற்றுக்கு மதகு திறக்கவோ மூடவோ ஷட்டர்கூடக் கிடையாது. முடிச்சூர்காரர்கள் செம்பரம்பாக்கம் தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கு மேலேயே மூழ்கினார்கள், அவர்களுக்கு இந்தக் கதையை வைத்துச் சமாதானம் சொல்ல முடியாது.

இதில் ஒரு நிஜமான சங்கடமும் உண்டு. செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. அக்டோபரில் காலி செய்து வைத்து, பிறகு மழை பொய்த்தால் அடுத்த ஜூனில் ஊர் குடத்தோடு தெருவில் நிற்கும், திறந்துவிட்ட அதிகாரியைத்தான் வைவோம். ஏரியின் முழு உயரம் 24 அடி. 2020 நிவர் புயலின்போது 22 அடியிலேயே திறக்க ஆரம்பித்தார்கள். 2015 கற்றுக்கொடுத்த பாடம்தான் அது.

இது பருவநிலை மாற்றமா, ஆக்கிரமிப்பா? ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைக்கும், வங்கக் கடலும் சூடாகிக்கொண்டிருக்கிறது, அதனால் பெய்தால் மொத்தமாகப் பெய்கிறது. இது இயற்பியல், இதில் விவாதம் இல்லை.

ஆனால் 1918 நவம்பரில் மெட்ராஸில் 108 செ.மீ. பெய்திருக்கிறது, 2015 நவம்பரை விடவும் சற்று அதிகம். அன்று ஊரில் இருந்தது 5 லட்சம் பேர். மாம்பலம் ஏரி ஏரியாகவே இருந்தது, 1920களில்தான் அதைத் தூர்த்து தியாகராய நகர் வந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் மிச்சத்தில் பிறகு வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அன்று மழை ஏரியில் விழுந்தது, இன்று அதே மழை தி.நகர் ரங்கநாதன் தெருவில் விழுகிறது.

மேலிருந்து வருவதை நாம் இங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது, கீழே இருப்பதை மாற்றலாம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ‘பருவநிலை மாற்றம், என்ன செய்வது’ என்று கையை விரிக்கும் அதிகாரியையும், ‘எல்லாம் ஆக்கிரமிப்புதான்’ என்று மேடையில் முழங்குபவரையும் நான் ஒரே அளவுக்குத்தான் நம்புகிறேன்.

நாலாயிரம் கோடி ரூபாய் வடிகால் எங்கே போயிற்று?

மழைநீர் வடிகால் பணிகளுக்கு நாலாயிரம் கோடி என்று அரசுத் தரப்பில் சொல்லியிருந்தார்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஊரே கேட்ட கேள்வி இது. அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால், வடிகால்களுக்குப் பலன் இல்லாமல் இல்லை. 2021 நவம்பரில் நாள்கணக்கில் மூழ்கிய தி.நகர், சீதாம்மாள் காலனி மாதிரியான இடங்களில் அதற்குப் பிந்தைய சாதாரண கனமழைகளில் தண்ணீர் முன்பை விட வேகமாக வடிந்தது, அங்கே இருப்பவர்களையே கேட்டுப் பாருங்கள். அந்த 2021 மழைக்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தார்கள், 2023 மார்ச்சில் முழு அறிக்கையும் கொடுத்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், மழைநீர் வடிகால் என்பது மணிக்குச் சில செ.மீ. மழைக்காகக் கட்டப்படுவது. மிக்ஜாம் மாதிரி இரண்டு நாள் விடாமல் 40 செ.மீ.க்கு மேல் கொட்டினால் எந்த வடிகாலும் திணறும். இரண்டாவது, வடிகாலின் மறுமுனை எங்கே போகிறது? கால்வாய்க்கு. கால்வாய்? ஆற்றுக்கு. ஆறு? கடலுக்கு. அன்று கடல் கொந்தளிப்பில் தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை. அப்போது தெருவுக்கு எத்தனை வடிகால் இருந்தாலும் ஒன்றுதான். மேட்டுப்பகுதியின் தண்ணீர் வேகமாக வந்து பள்ளத்தில் சேரும், வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மற்றவர்கள் வீட்டுத் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கும். ஒரு வார்டின் வெற்றி அடுத்த வார்டின் வெள்ளம் ஆகாமல் இருக்க வேண்டுமென்றால் வழியில் தண்ணீர் தங்க இடம் வேண்டும்.

அப்படியானால் எங்கள் தெருவுக்கு வடிகால் கேட்கக் கூடாதா?

தரையைப் பொறுத்தது. களிமண்ணும் பள்ளமுமாக இருந்தால் கேளுங்கள், கட்டாயம் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல்பாங்கான பகுதி என்றால் யோசியுங்கள். மணல் தண்ணீரை உறிஞ்சுகிறது, கீழே நல்ல நிலத்தடி நீர் இருக்கிறது, அதுதான் உப்புநீரை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே கான்கிரீட் வடிகால் போட்டு மழையைக் கடலுக்கு அனுப்பினால் இரண்டு வகையிலும் நஷ்டம். ஜெர்மன் வங்கிக் கடனில் வந்த கோவளம் வடிநில வடிகால் திட்டத்தை அந்தப் பகுதி மக்கள் சிலரே எதிர்த்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதற்குக் காரணம் இதுதான். இலவசமாக வருகிற வடிகாலை வேண்டாம் என்றவர்களைப் பலர் கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் சொன்னது சரி.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? பறவைகளுக்காகவா?

பறவை பார்ப்பவர்கள் பறவைக்காகப் பேசட்டும், நான் என் தரைத்தளத்துக்காகப் பேசுகிறேன். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று மேலே இருக்கும் ஏரிகளின் உபரிநீர் எல்லாம் ஒன்றுக்கொன்று வழிந்து கடைசியில் வந்து சேரும் இடம் அது. அங்கே பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போகும். வழி நெடுக நாணலும் சேறும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். யாரும் காசு கொடுத்துக் கட்டாத வெள்ளத் தடுப்பு.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த நிலம். மனைப்பிரிவுகள், ஐடி வளாகங்கள், சாலைகள், அரசு நிறுவனங்களின் கட்டடங்கள், பெருங்குடிக் குப்பைமேடு எல்லாம் சேர்ந்து அதைத் தின்றன. தனியார் மட்டும் தின்றதாக நினைக்க வேண்டாம், அரசுக்கும் பந்தியில் இலை போட்டிருந்தது. 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. குப்பையை பயோமைனிங் முறையில் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் வேலையும் தொடங்கியது. நல்லது. ஆனால் அங்கீகாரப் பலகையால் தண்ணீர் நிற்காது. எல்லைக்கு வெளியே, சதுப்புக்குத் தண்ணீர் வரும் வழிகளிலும் கட்டடம் எழும்பாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி, அங்கேதான் ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை இருக்கிறது.

கடல்மட்டம் உயர்ந்தால் சென்னைக்கு என்ன ஆகும்? மெரினா மூழ்குமா?

மெரினாவில் மணல் நிறைய இருக்கிறது, துறைமுகச் சுவரின் தயவில் சேர்ந்த மணல். அதே துறைமுகத்தின் வடக்கே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் பல காலமாகக் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது, கல் கொட்டிக் கொட்டித்தான் சாலை மிச்சம் இருக்கிறது.

ஆனால் முதலில் அடி விழப்போவது கடற்கரையில் இல்லை, முகத்துவாரங்களில். ஓதம் ஏறும் நேரத்தில் ஆற்றுநீர் கடலுக்குள் போகாமல் தயங்கி நிற்பதைப் பட்டினப்பாக்கம் மீனவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிப் பெருமழை வந்தால் ஊருக்குள் வடியாது என்பது அவர்களுக்குச் சாதாரண அறிவு. உலக அளவில் கடல் வருஷத்துக்கு 3, 4 மில்லிமீட்டர் உயர்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். சரிவே இல்லாத ஊரில் ஆற்றின் கடைசிப் பகுதியில் சில செ.மீ. கூடினால் தண்ணீர் வடிகிற நேரம் மணிக்கணக்கில் நீளும். அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் மணல்திட்டு சேர்ந்து வாயை அடைப்பதும் சேர்ந்துகொள்கிறது. பருவமழைக்கு முன் அங்கே பொக்லைன் நின்று மணல் அள்ளுவது படத்துக்காக இல்லை.

வட சென்னையைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

உண்மை. டிவி கேமரா வேளச்சேரியைத் தாண்டாது. பூண்டியைத் திறந்தால் கொசஸ்தலையின் தண்ணீர் மணலி புதுநகருக்குள் வருகிறது, 2021-லும் வந்தது, மிக்ஜாமின்போதும் வந்தது. அந்த ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது, துறைமுகமும் தொழிற்சாலைகளும் நாலாபக்கமும் நெருக்குகின்றன. 2023 வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. படகு, வலை எல்லாம் பிசுபிசுப்பு, மீனவர்கள் வாளியும் முறமுமாக எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தில் தண்ணீர் மட்டும்தான் வரும் என்று நினைப்பவர்கள் எண்ணூரை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

ஏரிகளைத் தூர்வாரினால் போதாதா?

பாதி போதும். நிறைய பேர் நினைப்பது: ஏரியை ஆழமாகத் தோண்டினால் வெள்ளம் பிடிக்கும். ஏரி அக்டோபரிலேயே நிரம்பிவிட்டால் எவ்வளவு ஆழமாக இருந்து என்ன, டிசம்பர் மழைக்கு அதில் இடம் இல்லை. வெள்ளத்தில் ஏரி செய்யும் வேலை, வந்த தண்ணீரைத் தாமதப்படுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்புவது. அதற்கு வரத்துக்கால்வாய் திறந்திருக்க வேண்டும், கலங்கல் அடைபடாமல் இருக்க வேண்டும், கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை போகும் கால்வாய் உயிரோடு இருக்க வேண்டும். பல இடங்களில் நடுவே இருந்த கால்வாய் இன்று ஒரு தெரு, அல்லது இரண்டு அடி அகலச் சாக்கடை. ஏரி பளபளவென்று நடைபாதை, விளக்கு, ‘ஐ லவ்’ பலகையோடு அழகாக இருக்கும், தண்ணீர் வெளியே போக வழி இருக்காது.

உங்கள் ஏரியில் முதலில் பார்க்க வேண்டியது கலங்கல். அதன் மேல் மணல் மூட்டை அடுக்கி உயர்த்தி இருக்கிறார்களா, அல்லது உடைத்து விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏரிக்குள் வீடு கட்டியவர் தண்ணீர் நிற்காமல் இருக்க கலங்கலை உடைப்பார். கீழே இருப்பவர் தன் தெருவுக்கு வராமல் இருக்க அதை உயர்த்துவார். இந்தச் சண்டை புறநகரில் எல்லா ஏரியிலும் உண்டு. அப்புறம் சாக்கடை. பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் கழிவுநீர் வருஷம் முழுக்க ஏரியை நிரப்பியே வைத்திருக்கிறது, மழைக்கு இடமே மிஞ்சுவதில்லை.

ஆக்கிரமிப்பை அகற்றுகிறார்களே, அது நல்லதுதானே?

யாருடைய ஆக்கிரமிப்பை என்று கேளுங்கள். அடையாறு, கூவம் கரைக் குடிசைகளை எடுத்தார்கள். அங்கே இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பினார்கள். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் செம்மஞ்சேரியில் இடுப்பளவு தண்ணீர். வேலைக்கு மயிலாப்பூர் போக இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ். ஆற்றின்மேலே தூண் நிறுத்திய விமான ஓடுபாதையும் கால்வாய்க்குள் இறங்கி நிற்கும் பறக்கும் ரயில் தூண்களும் அப்படியே இருக்கின்றன. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடம் விடுகிற முறை எப்போதும் ஏழையிடம் ஆரம்பித்து ஏழையிடமே முடிகிறதே, அதுதான்.

ஸ்பாஞ்ச் பூங்கா என்கிறார்களே, வேலை செய்யுமா?

சின்ன மழைக்கும் நடுத்தர மழைக்கும் செய்யும். பூங்காவில் ஒரு பகுதியைப் பள்ளமாக்கி, மணலும் ஜல்லியும் போட்டுச் சுற்றுத் தெருத் தண்ணீரை அதில் விடுகிறார்கள். தெருமுனையில் தேங்குவது குறையும், கிணற்றில் நீர் ஏறும். பெருவெள்ளத்தை நிறுத்தாது. இந்த முறையைப் பெரிய அளவில் செய்த சீனாவின் செங்சோ நகரில் 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ. பெய்தபோது மெட்ரோ சுரங்கத்துக்குள்ளேயே ஆட்கள் இறந்தார்கள். கிண்டியில் குதிரைப் பந்தய மைதான நிலத்தை 2024-ல் அரசு எடுத்துக்கொண்டு குளங்கள் வெட்டியதே, அந்த மாதிரி பெரிய இடங்கள்தான் கணக்கில் வரும்.

மழைநீர் சேகரிப்பு வெள்ளத்தைக் குறைக்குமா?

குறைக்கும், ஒரு வீட்டில் இருந்தால் இல்லை, தெரு முழுக்க இருந்தால். 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினார்கள், அடுத்த சில வருஷங்களில் பல பகுதிகளில் கிணறுகள் நன்றாக ஏறின. பிறகு மறந்தோம், 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2015-ல் படகு, 2019-ல் ரயில், நடுவே நாலே வருஷம். உங்கள் மாடிக் குழாய் எங்கே போகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். சேகரிப்புக் குழியில் ஜல்லிக்கு மேல் சேறு படிந்து கல்லாகியிருக்கும். அதை எடுத்துக் கழுவிப் போட ஒரு ஆளுக்கு அரைநாள் வேலை. எக்காரணம் கொண்டும் மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள். அது உங்கள் பக்கத்து வீட்டுக் கழிப்பறை வழியாகத்தான் வெளியே வரும்.

சென்னையில் வீடு வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பில்டரைக் கேட்காதீர்கள், ‘சார், இங்க ஒரு சொட்டு நிக்காது’ என்பார். பட்டாவோடு நின்றுவிடாமல், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகைப்பாடு என்று பாருங்கள், பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்து. ஏரி, கால்வாய், மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்று ஒட்டியே இருந்தால் எச்சரிக்கை. சிஎம்டிஏ (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இருப்பதால் தண்ணீர் வராது என்று அர்த்தம் இல்லை. கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைத் திருப்பிப் பாருங்கள், 2005-ல் அந்த இடம் பச்சையா நீலமா என்பது தெரிந்துவிடும்.

பிறகு தெருவில் நடந்து பாருங்கள். காம்பவுண்டு சுவரில் ஒரே உயரத்தில் கறை ஓடியிருக்கிறதா? புது வெள்ளை அடித்திருந்தாலும் எதிர்வீட்டுச் சுவர் காட்டிக்கொடுக்கும். மின் மீட்டர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றப்பட்டிருக்கின்றனவா? புதிதாகக் கட்டும் வீடுகள் எல்லாம் தெருவிலிருந்து நாலு அடி தூக்கிக் கட்டப்படுகின்றனவா? அப்படியானால் அங்கே குடியிருப்பவர்களுக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ தெரியும். இஸ்திரி வண்டிக்காரரிடம் ‘2015-ல் வண்டி எங்கே நிறுத்தினீர்கள்’ என்று கேளுங்கள். முடிந்தால் நவம்பரில், மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள், ஏப்ரலில் பார்த்தால் எல்லா மனையும் நல்ல மனைதான்.

என் வீடு ஏற்கனவே பள்ளத்தில் இருக்கிறது. இடித்துக் கட்டப் பணம் இல்லை.

பல தெருக்களில் வீடு இறங்கவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேமேலே போட்டே ஒரு அடி, ஒன்றரை அடி ஏற்றிவிட்டார்கள். மில்லிங் செய்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவு இருக்கிறது. ரோடு போட வரும் அன்று தெருவில் நாலு பேர் நின்று கேட்டால்தான் நடக்கும்.

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது சென்னையில் இப்போது சகஜம். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் சுவரைச் சிறிது சிறிதாக உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லா ஆட்களும் ஒரே நேரத்தில் திருகுவார்கள். ஒரு சத்தத்துக்கு ஒரு திருகு. மூன்று நாலு அடி ஏறியதும் கீழே கல் கட்டி நிரப்புவார்கள். பழைய, விரிசல் கண்ட வீட்டுக்கு இது வேண்டாம், முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

அவ்வளவு முடியாவிட்டால் மூன்று வேலை. மீட்டர் பெட்டி, மெயின் சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் மேலே ஏற்றுங்கள், தண்ணீரில் மின்சாரம் உயிரையே எடுத்துவிடும். சம்ப்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) வாயை ஒரு அடி உயர்த்தி, இறுகி மூடும் மூடி போடுங்கள். கழிவுநீர்க் குழாயில், தண்ணீரைத் திரும்பி உள்ளே வர விடாத என்.ஆர்.வி. வால்வு வைக்கச் சொல்லுங்கள், பிளம்பருக்குத் தெரியும். வாசலில் மணல் மூட்டை போட்டுவிட்டு கழிப்பறை வழியாகத் தண்ணீர் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை எங்கள் பகுதியில் ஒவ்வொரு வருஷமும் பார்க்கலாம்.

ரெட் அலர்ட் என்றால் என் தெருவில் வெள்ளம் வருமா?

மாவட்டத்தில் எங்கேயாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்ய வாய்ப்பிருக்கிறது, தயாராகுங்கள் என்று பொருள். உங்கள் தெருவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சில தடவை ரெட் அலர்ட்டில் வெயில் அடிக்கும், மீம் போடுவார்கள். போடட்டும், பால் பாக்கெட் வாங்கியது வீண் போகாது. வானிலை எச்சரிக்கையோடு ஏரி நீர்மட்டத்தையும் திறப்பு அளவையும் பாருங்கள். மழை நின்ற பிறகும் ஆறு ஏறும்.

கார்?

மழைக்கு முன்பே மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிற்பதைக் கிண்டல் செய்தவர்களில் சிலர் மறுவருஷம் அதே வரிசையில் நின்றார்கள். மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள், தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால் அந்த ஒரு திருகலில் எஞ்சின் போய்விடும், சாதாரண இன்சூரன்ஸ் அதற்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் உண்டு, அதைச் செப்டம்பருக்குள் போட்டு வையுங்கள்.

நலச்சங்கமாக என்ன செய்யலாம்?

ஆகஸ்டிலேயே ஆரம்பியுங்கள். அக்டோபரில் மாநகராட்சியில் யாரும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. தெருவில் எந்த வடிகால் எதில் போய்ச் சேருகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள், நடந்து பார்த்தே வரையலாம். பாதி இடங்களில் வடிகால் எங்கேயும் சேராமல் நடுவில் முடிந்திருப்பது தெரியவரும். அந்தத் தாளையும் போட்டோவையும் வைத்து மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் முன்னால் வையுங்கள். பொதுவாக ‘வெள்ளத்தைத் தடுங்கள்’ என்று மனுக் கொடுத்தால் பொதுவாகவே பதில் வரும்.

இன்னொன்று, தெருவில் நடக்க முடியாதவர்கள், டயாலிசிஸ் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல். 2015-ல் படகு வந்தபோது யாரை முதலில் ஏற்றுவது என்பதில்தான் பல தெருக்களில் நேரம் போயிற்று. படகோட்டி வந்த மீனவர்களுக்குத் தெரு தெரியாது, வழி சொல்ல ஒரு ஆளாவது படகில் ஏற வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு முதலில் என்ன?

எதையும் துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி. நிவாரணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அதுதான் சாட்சி. மிக்ஜாமுக்கு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தபோது கார்டு தண்ணீரில் போனவர்கள் அலைந்தார்கள், அதனால் ஆவணங்களை ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை மெயினைப் போடாதீர்கள். சம்ப்பை முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மறுபடி நிரப்பிய பிறகும் சில நாள் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். காலில் புண் இருந்தால் வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் டாக்டரிடம் ‘வெள்ளத்தில் நடந்தேன்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஷூவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பாம்பு இருந்தால் அடிக்க வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புத் துறையின் 101-க்குக் கூப்பிடுங்கள்.